பதின்மூன்று மில்லிமீட்டர்

மார்ச் 3, செவ்வாய். மாலை 6.40. குழிகள்: 41.

அக்கா வீட்டிலிருந்து பிசியோதெரபி கிளினிக் ஒன்பது கிலோமீட்டர். போகும்போதுதான் எண்ணினேன். வரும்போது எண்ண முடியவில்லை. வரும்போது அக்கா அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

"வலிக்குதா?"

"இல்லடா, தூசி."

நான்கு கண்ணாடியும் ஏற்றி ஏசி ஓடுகிற வண்டிக்குள் எங்கிருந்து வரும் தூசி?

முதுகுத்தண்டில் ஆபரேஷன் முடிந்து இருபது நாள். இடது கால் பாதம் இன்னும் மரத்துக் கிடக்கிறது. டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இந்த ஆறு வாரத்தில் உணர்ச்சி திரும்பினால் திரும்பியது, இல்லையென்றால் காலை இழுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் பயிற்சி. கூட்டிப்போக வேண்டிய மாமா நடுக்கடலில், எண்ணெய்க் கிணற்று மேடையில். ஏப்ரல் கடைசியில்தான் கரைக்கு வருவார். ஆகவே நான். ஆகவே என் வண்டி.

மாமா போனில் சொல்கிறார், "மாப்ள, மெதுவா கூட்டிட்டுப் போ. அவசரம் ஒண்ணுமில்ல."

யார் அவசரப்பட்டது? பத்தொன்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன். அந்த நேரத்துப் போக்குவரத்தில் அவர் போயிருந்தால் நாற்பது ஆகியிருக்கும்.

குற்றவாளி டயர்தான். பத்தொன்பது அங்குல ரிம், அதன்மேல் மோதிரம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் டயர். காற்றுப் போனாலும் ஓட வேண்டும் என்று பக்கச் சுவரைப் பலகை மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். பந்தயத் தடத்தில் தேன். சாலையில் தண்டனை. சாலை போட்டவனைத் திட்டி முடிக்க இந்த நோட்டுப் போதாது.

மார்ச் 4

டயர் கம்பெனிக்குப் புகார் அனுப்பினேன். நாற்பதாயிரம் கிலோமீட்டர் உழைக்கும் என்றார்கள். பத்தொன்பதாயிரத்தில் முன்டயர் இரண்டின் வெளியோரமும் மொட்டை. போட்டோ எட்டு இணைத்தேன்.

சாயங்காலம் ஒரு பெண் கூப்பிட்டாள். "நீங்க வளைவுல எல்லாம் எப்படி சார் ஓட்டுவீங்க?" என்று கேட்கிறாள்! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் கட்டியவனே வந்து நீ ஆடுவது கோணல் என்கிறான்.

மேலதிகாரியின் பெயரைக் கேட்டேன். லைனை வைத்துவிட்டாள்.

மார்ச் 5, வியாழன்

டயர் கடை. முதலாளி நாற்காலியை விட்டு எழவில்லை. வண்டியை மட்டும் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"அதே டயர் நாலு இருக்கு சார். நாளைக்கே மாட்டிடலாம்."

"அதே டயர் வேண்டாம். சீக்கிரம் தேயக்கூடாது. குலுக்கக்கூடாது. சத்தம் போடக்கூடாது."

"அப்ப நீங்க வண்டிய மாத்தணும் சார்."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. டயர் சுவரில் பொறித்திருக்கும் தேய்மான எண்ணைக் காட்டினேன். எண் கூடினால் ஆயுள் கூடும். என்னுடையது இருநூறு. ஐந்நூறு போட்டதும் இருக்கிறதே, அதை ஏன் எனக்குக் காட்டவில்லை என்றேன்.

"அது குடும்பஸ்தன் போடுறது. பிடிப்புக் கொஞ்சம் குறையும். இந்த வண்டில அத மாட்டுனா குதிரைக்குச் செருப்பு மாட்டுன மாதிரி இருக்கும்."

"என் குதிரை. நான் என்னத்தையும் மாட்டுவேன்."

ஐந்நூறு எண்ணில், பக்கச் சுவர் சாதாரணமாக உள்ள டயர் என் ரிம் அளவுக்கு வருவதே இல்லையாம். என் அளவில் கிடைப்பதெல்லாம் கல். வெளியே வந்து வண்டியின் கதவை நானே அறைந்து சாத்தினேன். என் வண்டி. என்ன புத்தி இது.

மார்ச் 6, வெள்ளி

அக்காவுக்குக் காய்ச்சலாம். பயிற்சிக்கு வரவில்லையாம்.

காய்ச்சலே இல்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். "டாக்டருக்குப் படிச்சிட்டு வந்தியாடா நீ?" என்று கையைத் தட்டிவிட்டாள். கால் மரத்துக் கிடக்கிறது, நாள் ஓடுகிறது, இவள் படுத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறாள். என்ன பிடிவாதம்! கத்தினேன். அவள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

வண்டிக்குப் பயந்துதான். தெரியாதா எனக்கு.

மார்ச் 8, ஞாயிறு

விடை ரிம்மில் இருக்கிறது. டயரையே முறைத்துக்கொண்டிருந்ததால் தெரியவில்லை.

என் மாடலிலேயே சாதா ரகத்துக்குப் பதினெட்டு அங்குல ரிம். ஒரு அங்குலம் சின்னது. வெளிச்சுற்று மாறாமல் இருக்க வேண்டுமானால் அதில் பாதி அளவுக்கு டயரின் பக்கச் சுவர் உயர வேண்டும். இப்போது 89 மில்லிமீட்டர். அப்போது 102. பதின்மூன்று மில்லிமீட்டர் கூடுதல் காற்று. குழிக்கும் அக்காவின் முதுகுக்கும் நடுவே பதின்மூன்று மில்லிமீட்டர் மெத்தை. அந்த அளவில் ஐந்நூறு எண் டயரும் வருகிறது. அட்டையில் வட்டம் வெட்டி முன்பிரேக்குக்கு இடிக்குமா என்று பார்த்தேன். மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. போதும்.

என்னோடு ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப்பாதைக்கு வண்டி எடுத்துவரும் நண்பன் — நாங்கள் கூப்பிடுவது 'கியர்' — விஷயத்தைக் கேட்டு டீயைத் துப்பிவிட்டான்.

"பதினெட்டா? ஓட்டப்பந்தயத்துல ஓடுறவனுக்கு வேட்டி கட்டி விடுறியேடா!"

"வாய மூடு."

"அப்படியே பின்னாடி திண்டு ரெண்டு போடு. தாம்பூலத் தட்டும் வை."

அவனுக்கு அக்கா இல்லை. இரண்டு தம்பிகள், அவனை மாதிரியே இரண்டு தறுதலைகள். அவனுக்கு என்ன புரியும். கழற்றுகிற பழைய ரிம்மைத் தனக்குத் தரச் சொன்னான். தர மாட்டேன் என்றேன். அக்காவுக்குக் குணமானதும் திரும்ப மாட்டிக்கொள்வேன்.

மார்ச் 9

மாட்டியாயிற்று. வண்டி கொஞ்சம் தடித்த மாதிரி தெரிகிறது. கேவலமாக இல்லை. கொஞ்சம் கேவலமாக இருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

ஜெயித்தேன். எண் சொல்கிறது.

என் வேலையே குலுக்கலை அளப்பது. குளிர்சாதனப் பெட்டியை மேசையில் கட்டிக் குலுக்கி, எங்கே விரிசல் விடும் என்று பார்ப்பது. ஆபீஸில் அதற்கு வைத்திருக்கும் அதிர்வு சென்சாரை வண்டியில் அக்கா உட்காரும் இருக்கையின் அடியில் ஒட்டினேன். காலையில் என் பழைய ரக டயரே ஓடும் கியரின் வண்டியில், சாயங்காலம் புது டயரோடு என் வண்டியில், அதே சாலை. இரண்டும் ஒரே மாடல்தான். மேல்கீழ் அதிர்வு முப்பத்திரண்டு சதவீதம் குறைவு. சத்தமும் குறைவு. அக்கா பேசினால் கேட்கிறது.

ஆனால் அவள் பேசவில்லை.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குடா."

முகம் வெளிறியிருந்தது. கதவின் பிடியை விரல் வெளுக்கிற அளவுக்குப் பிடித்திருந்தாள். முப்பத்திரண்டு சதவீதம் என்றேன். "சந்தோஷம்" என்றாள்.

கிளினிக்கில் இன்னொரு எரிச்சல். அரை மணி நேரப் பயிற்சியில் இருபது நிமிடத்தை அந்த பிசியோதெரபிஸ்ட் அம்மா வலது பக்கத்திலேயே செலவழித்தார். மரத்திருப்பது இடது கால்! கேட்டேன்.

"வலது இடுப்புலேர்ந்து கெண்டைக்கால் வரைக்கும் கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு தம்பி. அத விட்டுட்டு இடதைத் தொட முடியாது. ஏம்மா, வண்டி கிண்டி ஓட்டுறீங்களா?"

"ஐயோ, இல்லங்க" என்று அக்கா சிரித்தாள்.

அசட்டுக் கேள்வி. உட்காரவே முடியாதவள் வண்டி ஓட்டுவாளா? இவர்களை நம்பித்தான் கால் இருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

பேனா நோட்டைக் கிழிக்கிறது. எழுத்துக் கோணலாக வரும், வரட்டும்.

ஐந்தரைக்குப் போய் நின்றேன். வீடு பூட்டியிருந்தது. போன் எடுக்கவில்லை. ஏழு மணிக்கு ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. பழைய தகரம். பின்கதவைக் கயிறு கட்டி வைத்திருக்கிறான். தேய்ந்த டயர், செத்த ஸ்பிரிங். அதற்குள்ளிருந்து அக்கா இறங்குகிறாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு. தூங்கியிருக்கிறாள்!

"தூங்கிட்டேன்டா. அந்த ஆளு பாட்டுக் கேட்டுக்கிட்டே மெதுவா வந்தாரு."

"நான் டயர மாத்தி, ரிம்ம மாத்தி, ஊரெல்லாம் சிரிக்குது. நீ இந்த ஓட்டைல ஏறிப் போவியா?"

"கத்தாத. பக்கத்து வீட்ல பாக்குறாங்க."

"பாக்கட்டும்! இதுல என்னத்தக் கண்ட?"

வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் செருப்பின் வாரை நோண்டினாள். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"உன் வண்டில உக்காந்தா நானும் சேர்ந்து ஓட்ட வேண்டியிருக்குடா."

"அப்படின்னா?"

"அப்படின்னா அப்படித்தான்."

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கத்துவ. கத்திக்கிட்டே ஓட்டுவ."

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியில் ஒரு பஸ்காரனோடு சண்டை.

மார்ச் 14, சனி

வண்டியைக் கழுவலாம் என்று உள்ளே காலடியில் விரித்திருக்கும் மிதியடிகளை எடுத்தேன். என் பக்கம் தட்டையாக இருந்தது. அவள் பக்கம் — முன்னால் பார்த்து நகர்ந்து, சுருண்டு, மூன்று மடிப்பாக நின்றது. வலது குதிகால் வைக்கிற இடத்தில் நூல் உதிர்ந்து ஒரு குழி. மூன்றே வாட்டி ஏறியவள். இல்லை, இரண்டு வாட்டி. இரண்டே வாட்டி போய்வந்தவள்.

அங்கே பிரேக் இல்லை. அவள் மிதித்திருக்கிறாள்.

ஆபீஸ் சென்சாருக்கு மூன்று திசை உண்டு. மேல்கீழ், முன்பின், பக்கவாட்டு. நான் மேல்கீழ் ஒன்றைத்தான் வரைந்து பார்த்தேன். குழிதான் எதிரி என்று முடிவு கட்டியாயிற்றே! ஒரே திசையைப் பார்த்து அறிக்கை எழுதினான் என்று போன மாதம் பக்கத்து மேசைக்காரனை எல்லோர் முன்னாலும் கிழித்தவன் நான்.

மற்ற இரண்டையும் இன்று வரைந்தேன். மேல்கீழ் கோடு சாதுவாக இருக்கிறது. முன்பின் கோடு ரம்பம். பக்கவாட்டுக் கோடு அதற்கு அண்ணன். ஒவ்வொரு பல்லும் எங்கே என்று எனக்கே தெரிகிறது. பஸ் ஒட்டி வந்த இடம். சிக்னலில் ஒருத்தன் முந்திய இடம். வளைவு. அடுத்த வளைவு. டயர் கம்பெனிக்கு நான் அனுப்பிய எட்டுப் போட்டோவில் இருப்பதும் இதேதான், ரப்பரில் எழுதியது.

கூடம் நேராகத்தான் இருந்திருக்கிறது.

அந்த இருபது நிமிடம். அவள் இடது காலுக்குப் போக வேண்டிய இருபது நிமிடம். நான் தின்றிருக்கிறேன்.

மார்ச் 15

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை. யாரையாவது திட்ட வேண்டும் போலிருக்கிறது. ஆள் கிடைத்தும் திட்ட முடியவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

"இன்னைக்கு ஒரு நாள் ஏறு. புடிக்கலன்னா கயிறு கட்டின வண்டிக்கு நானே போன் பண்றேன்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உடம்பு சரியில்லையா உனக்கு?"

முன்கூட்டியே கிளம்பினோம். இரண்டாவது சிக்னல் தாண்டியதும் ஒரு வெள்ளைக் கார் இடது பக்கமாக நுழைந்து மூக்கை வெட்டியது. என் கை ஹாரனுக்குப் போய்விட்டது. கால் வேறு துடித்தது. ஓரக்கண்ணில் அவள் வலது கால் பாய்ந்து தரையை மிதிப்பதைப் பார்த்தேன். ஹாரனிலிருந்து கையை எடுத்தேன். அவன் போனான். போகட்டும், சனியன். பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே ஓட்டினேன். பின்னால் வந்தவன் என்னை ஹாரன் அடித்துத் திட்டினான். நான் எவனை எல்லாம் அப்படித் திட்டியிருக்கிறேன்!

முப்பத்தொரு நிமிடம்.

வலது பக்கத்துக்கு ஐந்து நிமிடம்தான் ஆயிற்று. மிச்சமெல்லாம் இடது கால். பிசியோதெரபிஸ்ட் அம்மா பாதத்தில் ஊசியால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு இடத்தில் அக்கா "ம்?" என்றாள். தெரிந்ததா தெரியவில்லையா என்று அவளுக்கே சந்தேகம். இன்னொரு தரம் தொடச் சொன்னாள்.

வரும்போது மாமாவைப் பற்றி, சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றி, என் கல்யாணத்தைப் பற்றி வாய் மூடாமல் பேசினாள். கடைசி விஷயத்துக்கு எனக்குக் கோபம் வந்தது. காலுக்கு வரவில்லை. வாயோடு நின்றது. அவள் தெரு திரும்பும்போது குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"டயர் நல்லாத்தான்டா இருக்கு" என்றாள்.

செய்ய வேண்டியவை:

1. டயர் கம்பெனிக்கு அனுப்பிய புகாரைத் திரும்பப் பெறுவது. அந்தப் பெண்ணே போனை எடுத்தால் மன்னிப்புக் கேட்பது. வேறு யாராவது எடுத்தால் நல்லது.

2. பழைய ரிம் நான்கையும் கியருக்குக் கொடுத்துவிடுவது. அவன் பேசுவான். பேசட்டும்.

3. இந்த டயரில் காற்றுப் போனால் வண்டி நின்றுவிடும், மாற்றுச் சக்கரமும் கிடையாது. பஞ்சர் ஒட்டும் மருந்தும் பம்பும் வாங்கி டிக்கியில் போடுவது.

4. வெள்ளிக்கிழமை ஐந்துக்கே கிளம்புவது.

5. அக்கா பக்கத்து மிதியடியை இழுத்து நேராக விரிப்பது. வெள்ளிக்கிழமை அவள் இறங்கிப் போன பிறகு, குனிந்து பார்ப்பது.