வெறும் புள்ளிகளில் தெரிந்த வடிவம்

மச்சானுக்கு,

உங்கள் உம்மாவுக்கு உடம்பு தேறிவிட்டதாக உங்கள் தங்கை சொன்னாள். அல்ஹம்துலில்லாஹ்.

நுண்ணோக்கியின் மங்கலான படங்களிலிருந்து புரதத்தின் வடிவத்தைக் கணினி கண்டுபிடிக்க, நான் எதிர்பார்க்கும் வடிவத்தையே மாதிரியாகக் கொடுத்திருந்தேன். ஆய்வகத் தோழி ரக்ஷனா, "புரதமே இல்லாத படத்தப் போட்டுப் பாரு லா" என்றாள். போட்டேன். அந்தப் படத்தின் வெறும் புள்ளிகளிலிருந்தும் அதே வடிவம்தான் வந்தது. என் முனைவர் பட்ட வேலை முழுவதும் சந்தேகமாகிவிட்டது.

பிறகு, உம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போனதிலிருந்து தெம்பனிஸ் வீட்டிலிருந்து நீங்கள் எனக்கு அனுப்பிய மெசேஜ்களைத் திரும்ப வாசித்தேன். எல்லாமே "வேலையா இருக்கேன், அப்புறம் பேசுறேன்" தான். அதில் பாசத்தைப் பார்த்தது நான்.

வீட்டுக்கு வருவீர்களா என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். இனி நானாக எதையும் ஊகிக்க மாட்டேன்.

உங்கள் பெருநாள் சட்டையைத் தேக்கா தையல் கடையில் கொடுத்துவிட்டேன், பழைய அளவுக்கே.

ஆங் மோ கியோ வீட்டிலிருந்து,
உங்கள் மனைவி