யாருடைய பிரஷர்?

02.08.2007
பிரஷர் மெஷின் வீட்டுக்கு வந்து மூன்று மாதம். காலையில் இவர் என் கையில் பட்டியைக் கட்டுவார், மெஷின் உறுமும், பிறகு கூடத்துக்கு எடுத்துப் போவார். அங்கேதான் போனுக்கு சிக்னல் எடுக்குமாம். பொத்தானை அழுத்தினால் எல்லாம் கொழும்பில் இருக்கும் பெரிய கொம்பியூட்டருக்குப் போய்விடும். பிரஷர் கூடினால் நேர்ஸ் நபீஸா அங்கிருந்து போன் எடுத்து, பெரிய டொக்டரிடம் வரச் சொல்லுவா. திருகோணமலையில் இருதய டொக்டர் ஏது?

எனக்கு மட்டும் நம்பரைக் காட்டமாட்டார். "பாத்தாப் பயத்தில இன்னும் ஏறிப்போகும்." கிழவியாகப் போகிறவளைக் குழந்தை மாதிரிப் பார்க்கிறார். பிடிக்காமலும் இல்லை.

06.08.2007
கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் மூச்சு முட்டுகிறது. பக்கத்து வீட்டு றுக்கியா, "முகமெல்லாம் வீங்கிக் கிடக்கு அக்கா" என்றாள். கொழும்பில் நோர்மல் என்றுதான் காட்டுகிறதாம் என்றேன். எனக்குத்தான் சோம்பல் போலிருக்கிறது.

09.08.2007
இன்றும் மெஷின் இரண்டு தரம் உறுமியது, இரண்டாம் தரம் கூடத்தில். கேட்டேன். "முதல் தரம் பிழைச்சுப் போச்சு."

14.08.2007
அவர் அறுவடைக்குத் தம்பலகாமம் போய்விட்டார். பட்டியை நானே ஒற்றைக் கையால் கட்டப் பார்த்தேன், நழுவி நழுவி விழுந்தது. கடைசியில் பல்லால் கவ்வி இழுத்துக் கட்டினேன். 196. அறையில் இருந்தபடியே பொத்தானை அழுத்தினேன் — போய்விட்டது. அறையிலும் சிக்னல் இருக்கிறது!

உடனே நபீஸா. "அம்மா, மூணு மாசமா நூத்திருவதுக்கு மேல போகவே இல்லையே, இன்னைக்கு என்ன ஆச்சு? மத்த நாள்ல யாரு கட்டிவிடுற?"

கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். கூடத்தில் உறுமினது... அவரின்ர கைக்கு. மூண்டு மாசமா என்ர பேரில கொழும்புக்குப் போனது அவரின்ர பிரஷர்.

16.08.2007
வந்ததும் கேட்டேன். மறுக்கவில்லை. "கூடினா கொழும்புக்கு வா எண்டுவினம். ஜூனில கொழும்பு லொட்ஜுகளில இருந்த எங்கட தமிழ்ச் சனத்தைப் பொலிஸ் பஸ்ஸில ஏத்தித் துரத்தினது தெரியும்தானே? பிடிச்சா என்னைத்தானே பிடிப்பாங்கள், தங்கம்."

என்னை. அந்த ஒரு சொல்லில் எல்லாம் வந்துவிட்டது.

பயம் எனக்கு விளங்காதா? "பயமாக் கிடக்கு, என்னால ஏலாது" எண்டு சொல்லியிருந்தா நான் றுக்கியாவோட போயிருப்பனே. பட்டி கட்டின கையாலேயே ஏமாத்திப் போட்டாரே. நான் செத்துக் கிடந்தாலும் கொழும்பில நோர்மல் எண்டுதானே காட்டியிருக்கும்?

18.08.2007
நபீஸா போன் எடுத்தா. கொழும்பில் நாள் தந்திருக்கிறார்கள். பழைய நம்பர்களை என் பெயரிலிருந்து எடுத்து உரியவரின் பெயரில் போட வேண்டுமாம். பெயர் என்ன என்று கேட்டா.

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. குடும்பப் பதிவுக்கு வந்த கிராம அதிகாரி விதானையாருக்கும் எழுதித்தான் காட்டினேன். இப்போது அவர் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிவகுருநாதன்," என்றேன். தடக்காமல் வந்தது.

03.10.2007
கொழும்பால் திரும்பி வந்தாயிற்று. சோதனைச் சாவடிகளில் றுக்கியா என் கையை விடவேயில்லை. புது மருந்துக் குளிசைகள், கிணற்றடிக்கு நடக்க முடிகிறது.

இன்று காலை அவர் பட்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"தாங்கோ," என்று வாங்கி, பல்லால் கவ்விக் கட்டினேன். 138. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பொத்தானை அழுத்தினேன்.