முருங்கைக்காய் விலை ஒட்டிய கவிதைகள்

இன்று காலை என் கடையில் புது விலை லேபிள் ரோல் ஒன்றைப் பிரித்தேன். அந்தப் பசை வாசம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்து தனியே சிரித்துவிட்டேன். வரிசையில் நின்ற மனிதர், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்துத் தானும் சிரித்தார். உன்னால் இன்னமும் எனக்கு இப்படித்தான் மானம் போகிறது.

நீ பார்சலோனாவிலிருந்து லண்டனுக்கு, இந்த ஹவுன்ஸ்லோவுக்கு வந்து, எங்கள் வீட்டு மேல்மாடியில் குடியேறிய வருடம் அது. உன் ஐந்து வயது மகள் மாயா உன்னோடு தமிழ் பேசுவாள், பொம்மைகளோடு ஸ்பானிஷ் பேசுவாள், பள்ளிக்கூடத்தில் வாயே திறக்க மாட்டாள். மாதக்கணக்காக ஒரு சொல்லும் இல்லை என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னபிறகு உனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையை இந்த ஊருக்குக் கொண்டுவந்து ஊமையாக்கிவிட்டேன் என்று என் குசினியில் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாய்.

நூலகத்தில்தான் அந்தப் புத்தகம் கிடைத்தது. சின்னப் பிள்ளைகளுக்கான கவிதைகள். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் அதே கவிதை ஸ்பானிஷில். நடுவில் குடை பிடித்த தவளையும் செருப்பைத் தொலைத்த நிலாவும். இதைவிட நல்ல மருந்து இல்லை என்று தூக்கிக்கொண்டு வந்தாய். மாயாவோ ஆங்கிலப் பக்கத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஸ்பானிஷ் பக்கத்தையே திரும்பத் திரும்ப உன்னை வாசிக்கவைத்து, அதிலேயே குடியிருந்தாள்.

அடுத்த வாரம் கடைக்கு வந்து என்னிடம் விலை லேபிள் கேட்டாய்.

“ஸ்பானிஷை மூடி ஒட்டிவிட்டா, பிள்ளை இங்கிலீசைத்தானே பாக்கோணும்?”

“எடி, அது லைப்ரரிப் புத்தகம்.”

“பிறகு கழட்டலாம். நீ பேசாம ஒட்டு.”

உன்னோடு யாரால் வாதாட முடியும்? இருவருமாக வரி வரியாக ஒட்டினோம். அன்று முருங்கைக்காய்க்கு அடித்த விலைதான் எல்லா லேபிளிலும் இருந்தது. தவளையும் நிலாவும் முருங்கைக்காய் விலைக்குப் போயின.

பின்னேரம் நீ ஆங்கிலத்தை வாசித்தாய். மாயா பொறுமையாகக் கேட்டாள். பிறகு வலது பக்கத்து லேபிள்களில் விரலை வைத்து, அடியில் கிடந்த ஸ்பானிஷ் வரிகளை ஒவ்வொன்றாக மனப்பாடமாகச் சொல்லி முடித்தாள். அப்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கழற்றப் போனால், லேபிளோடு எழுத்தும் சேர்ந்து உரிந்து வந்தது.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க மூவருமாகப் போனோம். என்ன நடந்தது என்று நூலகப் பெண் கேட்டாள். குழந்தை விளையாடிவிட்டது என்று நீ ஆங்கிலத்தில் மென்று விழுங்கினாய். என் கோட்டுக்குப் பின்னால் நின்ற மாயா முன்னால் வந்தாள்.

“மம்மி டிட் இட்” என்றாள். நூலகம் முழுக்கக் கேட்டது.

நீ அங்கேயே முழங்காலிட்டு அவளைக் கட்டிப்பிடித்தாய். “இன்னொருக்காச் சொல்லம்மா” என்று கெஞ்சினாய். அவளும் சளைக்காமல் உன்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். கையும் களவுமாகப் பிடிபட்ட ஒருத்தி இப்படி மகிழ்வதை அந்தப் பெண் அதற்குமுன் கண்டிருக்க மாட்டாள். பழுதாக்கிய புத்தகத்தை விலை கொடுத்து நீயே எடுத்துக்கொண்டாய்.

அதன்பிறகு ஞாயிறு பின்னேரங்களில் நீ ஸ்பானிஷ் பக்கம், நான் ஆங்கிலப் பக்கம், மாயா நடுவர். உரிந்துபோன வரிகளை அவளே சொல்லி நிரப்புவாள். நான் பில் வாசிப்பது போலக் கவிதை வாசிக்கிறேன் என்று நீ சொல்வாய். உன் ஸ்பானிஷில் யாழ்ப்பாணத்து மரக்கறிச் சந்தை கேட்கிறது என்று நான் சொல்வேன்.

நீ இறந்துபோனபிறகு யாரும் அதை விரிக்கவில்லை. போன ஞாயிறு மாயா தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து, ஸ்பானிஷ் பக்கத்தை என்னை வாசிக்கச் சொன்னாள்.

“எனக்கெங்கயடி ஸ்பானிஷ் தெரியும்? நீ வாசி.”

“நான் வாசிச்சா வேற மாதிரி வருது, அன்ரி. அம்மா வாசிக்கிற மாதிரி உங்களுக்குத்தான் வரும்.”

வந்தது. புத்தகத்தைப் பார்க்காமலே வந்தது. நீ இழுக்கிற இடத்தில் இழுத்து, நீ மூச்சு வாங்குகிற இடத்தில் வாங்கி. இவ்வளவு நாளும் உன் குரலை வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அவள் பெடியன் விழுந்து விழுந்து சிரித்தான். மாயா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கடைசிக் கவிதைக்கு வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

“ஆறுதலா, மெல்ல மெல்ல வாசியுங்கோ, அன்ரி” என்றாள். “முடிஞ்சிடும்.”