களவுபோன பெயர்

ஐப்பசி 9, வெள்ளி

எனக்கென்று வந்த முதல் கடிதத்தை இன்று நானே வாசித்தேன். போன் கம்பெனியிலிருந்து என் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் களவுபோய்விட்டனவாம். அதை உரியவருக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டமாம். பயத்துக்கு முன்னால் சந்தோஷம்தான் வந்தது.

என் பெயரில் வேறு யாருக்கும் சிம் கொடுக்கக்கூடாது என்று பதுளையில் இருக்கும் அந்தக் கம்பெனி ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்து, கையெழுத்தும் போட்டேன். கவுண்டரில் இருந்த பெண் என் பழைய படிவத்தைக் காட்டினாள்.

“இதுல கைநாட்டுல்ல இருக்கு? நீங்கதான்னு எப்படி தாத்தா நம்புறது?”

“இப்பத்தான் எழுதப் படிச்சேன் தாயி.”

“களவாணியும் அப்படித்தான் சொல்லுவான்” என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். பெருவிரலை மையில் அழுத்திய பிறகே என்னை நம்பினாள்.

தோட்டத்து லயத்தில் நான் தனியாக இருக்கும் இந்த ஒற்றை அறைக் காம்பராவில் இதைச் சொல்லிச் சிரிக்க ஆளில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்: அந்தக் கையெழுத்தும் நான்தான்.