அறுந்த கயிறு

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் சௌக்கியம்.

சின்ன விஷயம்தான், கவலைப்படாதே. திங்கட்கிழமை, நாங்கள் மாடியிலிருந்து தொங்கிக் கண்ணாடி துடைக்கிற கயிற்றில் இரண்டு இழை அறுந்திருந்தது. சூப்பர்வைசரிடம் காட்டினேன்.

"பயமா இருந்தா சாமிய கும்பிட்டுட்டு இறங்கு" என்றார்.

கும்பிட்டேன். நீ சொல்கிற சாமி இருக்கிறதா என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் வாய் தானாகச் சொன்னது: "கும்பிட்டுட்டேன் சார். அதான் இறங்க மாட்டேன்."

எனக்குப் பதிலாக, என் அறையில் தங்குகிறவன் இறங்கினான். பத்திரமாக ஏறியும் வந்தான். "உன் சாமி பயந்தாங்கொள்ளிடா" என்று எல்லார் முன்னாலும் சிரித்தான். என்னைக் கழிப்பறை கழுவ அனுப்பிவிட்டார்கள். சாமி எனக்குக் கொடுத்தது தைரியம்தானா என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் நாளைக்குக் கேட்டாலும் மாட்டேன் என்றுதான் சொல்வேன்.

அடுத்த முறை போன் பேசும்போது, அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கும்பிடு. நீ முணுமுணுப்பது காதில் விழுந்தால் போதும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. எனக்காக வேண்டாம் அம்மா, அவனுக்காக வேண்டிக்கொள். கயிற்றை இன்னும் மாற்றவில்லை.