கவரில் போட்டுக் கொடுத்த மாத்திரை

செங்கல்பட்டு,
3-2-2025

அன்புள்ள ஷபானா,

பத்துத் தடவை போன் அடித்தும் நீ எடுக்கவில்லை. அதனால் பள்ளிக்கூட நாட்களைப் போலக் காகிதம். என் வீட்டுக்காரர் ஜெபக்குமார் மதுராந்தகத்துக்கு லோடு ஏற்றிப் போகிறார். வழியில் கருங்குழியில் இறங்கி, நீ வேலை பார்க்கும் மெடிக்கலில் இதைக் கொடுப்பார்.

இரண்டு வருஷமாக அடங்கிக் கிடந்த பெருங்குடல் புண் மறுபடி கிளம்பி, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறேன். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை வயிற்றோட்டம். நேற்றுக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். "எனக்கும் காட்டுங்க சார்" என்றேன். டாக்டர் ரவிச்சந்திரன் சிரித்துக்கொண்டே டி.வி.யைத் திருப்பினார். என் குடலை நானே பார்த்தேனடி. தோல் உரிந்த முழங்கால் மாதிரி சிவந்து கிடந்தது.

பழைய நோய்தான் என்றால் ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டுமாம். ஆன்டிபயாடிக் சாப்பிட்டு, நல்ல கிருமி செத்துக் கெட்ட கிருமி பெருகியிருந்தால் வேறு மருந்தாம். மருந்து மாறிப்போனால் குடல் உப்பி, வெட்டி எடுக்க வேண்டி வரலாம் என்கிறார். சென்னைக்கு அனுப்பிய சோதனை முடிவு வர நாளாகும். போன மாதம் பல் வீக்கத்துக்கு நீ அட்டை இல்லாமல் கவரில் போட்டுக் கொடுத்தாயே, அது என்ன மாத்திரை?

உன்
அன்பரசி

கருங்குழி,
5-2-2025

அருமை அன்பரசிக்கு,

கடை நேரத்தில் முதலாளி போனை வாங்கி வைத்துக்கொள்கிறார், கோபிக்காதே. நான் கொடுத்தது வெறும் வலி மாத்திரை. பொங்கலுக்கு மகாபலிபுரம் போய் மிளகாய் பஜ்ஜியை வெளுத்துக் கட்டினாயே, அதை டாக்டரிடம் சொன்னாயா? இனியாவது வாயைக் கட்டு. உனக்காக தினமும் துவா செய்கிறேன்.

ஷபானா

செங்கல்பட்டு,
8-2-2025, காலை

அன்புள்ள ஷபானா,

நீ சொன்னதை அப்படியே டாக்டரிடம் சொன்னேன். ஸ்டீராய்டைக் கூட்டினார்கள். இப்போது வயிறு உப்புகிறது. நர்ஸ் கன்னியம்மா டேப் வைத்து அளக்கிறார். நேற்று முப்பத்திரண்டு இஞ்ச், இன்று முப்பத்தைந்து. டேப்பைத் தளர்த்திப் பிடிக்கிறார் என்று தையல்காரி நான் திருத்த வேண்டியிருந்தது. குடலை எடுத்தால் வயிற்றில் ஓட்டை போட்டு, மலம் சேர ஒரு பை ஒட்டுவார்களாம். எப்படி ஒட்டும், குளிக்கலாமா என்று அதையும் கேட்டு வைத்திருக்கிறேன்.

ஆனால் பயமாக இருக்கிறது, ஷபானா. ஜெபக்குமார் சொல்கிறார்: "அவ என் மூஞ்சியப் பாத்து பேசல. இன்னாவோ மறைக்கிறா."

உன் பெயரைச் சொல்ல மாட்டேன். மருந்தின் பெயரை மட்டும் எழுது. அவர் கடை வாசலிலேயே நிற்பார்.

அன்பரசி

கருங்குழி,
8-2-2025

அன்பரசி,

க்ளிண்டாமைசின் 300. ஒரு நாளைக்கு மூன்று, ஏழு நாள். ஆன்டிபயாடிக்தான். வயிற்றால் போகிறது என்று நீ வந்தபோது அதை நிறுத்த லோபரமைடும் கொடுத்தேன், நான்கு நாள். இரண்டுக்கும் டாக்டர் சீட்டு இல்லை. சீட்டு இல்லாத மருந்தை அட்டையிலிருந்து பிரித்துக் கவரில் போடுவது எங்கள் கடை வழக்கம். உன் நோய் தெரிந்தும் செய்தேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். என் பெயரோடு இந்தக் கடிதத்தையே காட்டு.

ஷபானா

சதுரங்கப்பட்டினம்,
26-2-2025

ஷபானா,

வீட்டுக்கு வந்துவிட்டேன். கெட்ட கிருமிதான் என்று முடிவு வந்தது. உன் கடிதத்தைப் பார்த்த அன்றே மருந்தை மாற்றிவிட்டார்கள். நான்காம் நாள் வயிறு இறங்கியது. குடல் தப்பியது. இன்று கஞ்சி குடித்தேன்.

உன் வேலை போய்விட்டதாக ஜெபக்குமார் சொன்னார். வருத்தமாக இருந்தது. கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மாத்திரை கொடுத்ததில் கோபமில்லை. "ஆஸ்பத்திரி போவ நேரமில்ல, எதனா குடுடி" என்று வந்து நின்றது நான்தான். நடுவில் போன மூன்று நாள்தான் தொண்டையில் நிற்கிறது. "என் சிநேகிதி பொய் சொல்ல மாட்டா சார்" என்று அந்த டாக்டரிடம் சொல்லியிருந்தேன்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். வலி மாத்திரை என்று எழுதிய அந்தக் காகிதத்தை மடிக்கும்போது, நான் செத்துப்போகலாம் என்று உனக்குத் தோன்றியதா?

அதற்கு மட்டும் பதில் எழுது. வேறு விசாரிப்பு வேண்டாம்.

அன்பரசி