ஹேமா அங்கேதான் இருக்கிறாள்

சித்திரை 22, திங்கள்

கத்திரி தொடங்கி இரண்டாம் நாள். காலை ஆறரைக்கே மாடி அறை வெந்தது. மின்விசிறி போட்டால் மைக்கில் இரைச்சல், போடாவிட்டால் வியர்வை. துண்டால் துடைத்துத் துடைத்துப் பேசினேன். பார்த்தவர்கள் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

இன்றைய பேச்சு (என் சேனல், ஏழு மணி, நேரலை, இருபது நிமிடம்):
– எல்லைச் சண்டை, நாலாம் நாள்.
– டிவியில் கத்துகிறவர்கள். கத்துவது தேசபக்தி இல்லை, ரத்தக்கொதிப்பு.
– அமைதிப் பதாகைக்காரர்கள். திருடன் கொல்லையில் நிற்கும்போது வீட்டுக்காரனுக்குப் பொறுமையைப் போதிப்பது.
– பஞ்சாப் கல்லூரிகளிலிருந்து ஓடிவரும் நம் ஊர்ப் பிள்ளைகள்.

கடைசிதான் சூடு பிடித்தது. "சிப்பாய்க்கும் இருபது வயசுதான். அவன் நிக்கிறான். நீ மூட்டையக் கட்டுற. ஊரே காலியானா எதிரிக்கு குண்டே தேவையில்லையே" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "என் மகளும் அங்கதான் படிக்கிறா. அவ வரமாட்டா" என்றும் சேர்த்துவிட்டேன். ஹேமாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

கேமராவை அணைத்ததும் மைத்துனன் ரெங்கன், "மாமா, செம" என்றான். இவனுக்கு எல்லாமே செம. கீழே புடவைக் கடைக்கு இறங்கும்போது சகுந்தலா அடுப்படியிலிருந்து, "பிள்ளைய எதுக்கு இழுத்தீங்க?" அவ்வளவுதான் பேசினாள். இட்லிக்குச் சட்னி இல்லை. பொடி, எண்ணெய் கூட இல்லாமல்.

பதினொரு மணிக்கு எழுமலை தவமணி போன். மகளுக்குக் கல்யாணப் புடவை எடுக்க வந்து பழக்கம். ஒரே மகன் ராணுவத்தில், இப்போது எல்லையில். சண்டை தொடங்கியதிலிருந்து போன் இல்லை. "அண்ணே, இன்னைக்கி நீங்க பேசுனது அம்புட்டும் எனக்காகப் பேசுன மாதிரி இருந்துச்சு. ஒங்க பிள்ளையும் அங்க இருக்குன்னீக பாருங்க, அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு."

நெஞ்சு நிறைந்தது. மறைப்பானேன்.

சித்திரை 23, செவ்வாய்

வெயில் அப்படியே. கடையில் ஈ ஓட்டினோம். முகூர்த்த மாதம் என்று பெயர்தான்.

மதியம் ஹேமா போன். நேற்று மாலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தாளாம், கூடப் படிக்கும் மூன்று தமிழ்ப் பெண்களோடு. எனக்குத் தெரியாது. ச.வுக்குத் தெரியும். அதுதான் சட்னி இல்லை.

"கேன்சல் பண்ணிட்டேன்ப்பா."

"ஏன்?"

"நீங்கதான் சொல்லிட்டீங்களே. ஹாஸ்டல்ல எல்லாரும் வீடியோ பாத்துட்டாங்க. நான் வந்து இறங்குனா உங்களத்தான கிழிப்பாங்க."

அந்த மூன்று பேரும் போய்விட்டார்கள். அறையில் இவள் மட்டும். கோபமாகச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுகிற தொனி. பத்தொன்பது வயது.

நான் சொன்னது: "நல்லது." ரெங்கன் பக்கத்தில், புடவை பார்க்கும் நாலு பெண்கள் எதிரில். போனை வைத்த பிறகு ஒரு புடவையை மூன்று முறை மடித்தேன்.

மாத்திரை வாங்கவேண்டும். பிரஷர்.

சித்திரை 24, புதன்

ஹே. காலையில் பேசினாள். நேற்று அங்கே சைரன், விளக்கெல்லாம் அணைப்பு, எல்லாரையும் அடித்தளத்தில் உட்காரவைத்தார்களாம். "தூங்குனியா?" "தூங்குனேன்ப்பா." பொய். தொண்டை கட்டியிருந்தது.

இன்றைய பேச்சு: பதுக்கல். நம் ஊர்க் காளவாசலில் பெட்ரோலுக்கு வரிசை, மளிகைக் கடையில் உப்பு இல்லை. எல்லை எங்கே, காளவாசல் எங்கே. கட்டுப்பாடு உள்ள வீடுதான் உருப்படும், நாடும் அப்படித்தான் என்றேன். நன்றாகத்தான் பேசினேன். என் காதில்தான் ஏறவில்லை.

மாலை நாலு மணி. ரெங்கன் ஓடிவந்து, "மாமா, சிக்னல்ல வந்து பாருங்க."

பிளெக்ஸ். சமயநல்லூரில் சேனல் பார்க்கிற நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வைத்தது. இருபதடி இருக்கும். ஹே.யின் ப்ளஸ் டூ போட்டோ, இரட்டைச் சடை, பின்னால் பீரங்கி, ஒரு சிங்கம், தேசியக் கொடி. "எல்லையில் நிற்கும் எங்கள் வீரமங்கை". கீழே வைத்தவர்கள் முகம் எல்லாம் வரிசையாக, அவள் முகத்தைவிடச் சற்றே சிறிதாக. ஓரத்தில் கூலிங் கிளாஸ் போட்ட ஒருவர், யாரென்றே தெரியவில்லை. எனக்குச் சால்வை போட்டார்கள். பஸ் டிரைவர் ஒருவர் ஹாரன் அடித்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது, நடுரோட்டில்.

"தங்கச்சி வரும்போது மேளம் வச்சுத்தாண்ணே கூட்டியாரணும். ஜெயிச்சுட்டுத்தான் வரும்ல."

ச. கோயிலுக்குப் போன ஆட்டோவிலிருந்து அதைப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து சொன்னது: "செத்தவங்களுக்குத்தான் அம்புட்டுப் பெருசா வைப்பாங்க."

சித்திரை 25, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் முடியவில்லை.

நேரலையில் பத்தாவது நிமிடம். ஹே. போன். மேசைமேல் அதிர்கிறது. எடுத்தேன். எடுக்காமல் எப்படி. அழுகை. ஹாஸ்டலுக்கு ஒரு கிலோமீட்டரில் ஏதோ விழுந்திருக்கிறது, ஜன்னல் கண்ணாடி போய்விட்டது, அப்பா அப்பா என்கிறாள். வேறு சொல் இல்லை.

நான் எங்கள் மொழியில் பேசினேன். வீட்டில் பேசுகிற சௌராஷ்டிரம். கிளம்பி வந்துவிடு, வார்டனிடம் அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று சொல், யார் என்ன சொன்னாலும் காதில் வாங்காதே, நாடும் வேண்டாம் மண்ணும் வேண்டாம், நீ வந்தால் போதும். இவ்வளவும் கேமரா எதிரில்.

பழக்கதோஷம். கடையில் முப்பது வருடமாக இதுதான் வழக்கம். வாடிக்கையாளர் எதிரிலேயே ரெங்கனிடம், இதற்குமேல் விலையை இறக்காதே, இந்த அம்மா எடுக்கமாட்டாள், மடித்து வை என்று எங்கள் மொழியில் சொல்வோம். அவர்கள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு தைரியம். கேமராவையும் கல்லாவுக்கு எதிரில் உட்கார்ந்த ஆளாக நினைத்துவிட்டேன். பார்க்கிறவர்களில் எங்கள் ஆட்களும் நிறைய என்பது மண்டையில் ஏறவே இல்லை.

போனை வைத்துவிட்டுத் தமிழில் சொன்னது அதைவிட மோசம். "மகதான் பேசுனா. தைரியமா இருக்கா. அப்பா கவலப்படாதீங்கன்னு எனக்குத் தைரியம் சொல்றா."

ரெங்கன் முகம் வெளுத்துவிட்டது. முதல் தடவையாக செம என்று சொல்லவில்லை.

சித்திரை 26, வெள்ளி

தமிழில் எழுத்துப் போட்டு யாரோ அந்தத் துண்டை வெளியிட்டுவிட்டார்கள். மேலே நான் எங்கள் மொழியில் சொன்னது, கீழே அதன் தமிழ், அடுத்து நான் தமிழில் சொன்ன பொய். போட்டவர் எங்கள் ஆள்தான். மொழிபெயர்ப்பில் ஒரு பிழை இல்லை.

கமெண்ட் சில:
– ஊருக்குத்தான் உபதேசம்.
– நெஞ்சுவலி அம்மாவுக்கா அய்யாவுக்கா?
– பெத்தவன் வேற எப்படிப் பேசுவான், விடுங்கப்பா.
– நம்ம பாஷைய ஒளிஞ்சுக்கிற இடமா ஆக்கிட்டீங்களே. (இது ஒரு அம்மா. இதுதான் அதிகம் வலித்தது.)

ச. இரண்டையும் கேட்டாள். "எனக்கு நெஞ்சுவலியா?" என்றாள். சிரித்தாள் போலிருந்தது. உடனே அழுதாள்.

இன்று பேசவில்லை. கடையும் திறக்கவில்லை. வெளியே போனால் பிளெக்ஸ், போனைத் திறந்தால் கமெண்ட், வீட்டுக்குள் ச. மாடிக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன்.

ஒன்று எழுதிவைக்கிறேன், யாரும் பார்க்கப்போவதில்லை. நான் பேசியது தப்பு என்று இப்போதும் தோன்றவில்லை. எல்லாரும் ஓடினால் யார் நிற்பது? அமைதிப் பதாகைக்காரர்களோடு எனக்கு இன்றும் ஒத்துப்போகாது. ஆனால் என் பிள்ளை நிற்கவேண்டாம். இரண்டையும் நினைப்பது ஒரே ஆள், நான்தான். வெட்கமாக இருக்கிறது.

மாலை ஹே. போன். தமிழில் பேசினாள். பிறந்ததிலிருந்து என்னிடம் தமிழில் பேசியதில்லை; இதுவரை இங்கே எழுதிய அவள் பேச்செல்லாம் நான் தமிழாக்கியது.

"நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு காலேஜ்ல டெல்லிக்குக் கடைசி பஸ் விடுறாங்க. நான் ஏறணும்னா நீங்க சொல்லணும்."

"நேத்தே சொன்னேனேம்மா."

"அப்படி இல்ல. நான் வரமாட்டேன்னு ஊருக்கே தமிழ்ல சொன்னீங்கல்ல? வான்னு சொல்றதையும் தமிழ்ல சொல்லுங்க. சேனல்ல. இல்லன்னா நான் பயந்து ஓடிவந்தவளாயிருவேன், நீங்க பாவம் அப்பாவாயிருவீங்க."

வைத்துவிட்டாள். என் மகள்தான்.

சித்திரை 27, சனி

ஏழு மணி. குறிப்பு எதுவும் எடுக்கவில்லை. ச. மாடிக்கு வந்து ரெங்கன் பக்கத்தில் நின்றாள். இத்தனை வருடத்தில் முதல் தடவை. மின்விசிறியையும் அவளே போட்டுவிட்டாள். இரைச்சல் வரட்டும் என்று விட்டேன்.

சொன்னது இவ்வளவுதான்: "ஹேமா, கிளம்பி வாம்மா. வரமாட்டேன்னு நான்தான் சொன்னேன், நீ சொல்லல. ஒன்னக் கேக்காமலே சொல்லிட்டேன். வியாழக்கிழமை தமிழ்ல சொன்னது பொய். எனக்குப் பயமா இருக்கு." கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். இரண்டு நிமிடம்கூட இல்லை.

9.10. ஹே. மெசேஜ்: பஸ் ஏறிட்டேன். ஜன்னல் சீட்.

ச. காபி கொண்டுவந்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. கடை திறந்தோம். சமயநல்லூர் நண்பர்களைக் கூப்பிட்டு பிளெக்ஸை எடுக்கச் சொன்னேன். ஆள் இல்லையாம், திங்கட்கிழமை பார்ப்பார்களாம்.

மதியம் ஒன்றரை. கடை வாசலில் தவமணி. எழுமலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். ரெங்கன் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

"பிள்ள கெளம்பிருச்சாண்ணே?"

"பஸ் ஏறிட்டாண்ணே."

"சந்தோசம். பொம்பளப் பிள்ள, வந்து சேரட்டும். அதுக்காக வரல நான்." தண்ணீர் வாங்கி முழுச் சொம்பையும் குடித்தார். "எம்மகனுக்கு வாடான்னு சொல்ல முடியாதுல்லண்ணே. சொன்னாலும் அவன் எந்த பஸ்ல ஏறுவான்?"

சொம்பை வாங்கிக் கீழே வைத்தேன்.

"தெனமும் ஏழு மணிக்கு நீங்க பேசுவீக. அவன் அங்க நிக்கிறதுக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னு சொல்லுவீக. அதக் கேட்டுட்டுத்தான் அவன் ஆத்தா அடுப்பப் பத்தவப்பா. நேத்து நீங்க வரல. இன்னைக்கி வந்தீக, பயமா இருக்குன்னீக, நிப்பாட்டிட்டீக. இம்புட்டுப் பேசுன அவுகளுக்கே பயமா இருக்குன்னா நம்ம பய என்ன ஆவான்னு காலைலருந்து ஒக்காந்த எடத்துலயே ஒக்காந்துருக்கா. சோறு ஆக்கல."

"அண்ணே, நான் இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு..."

"மூஞ்சியப் பாக்கலண்ணே நாங்க. நாளைக்கிப் பேசுங்க. முன்ன பேசுன மாதிரியே பேசுங்க. நீங்க நம்பாட்டியும் பரவால்ல, பேசுங்க."

ஞாயிற்றுக்கிழமை நான் பேசுவதில்லை என்பது அவருக்கும் தெரியும். என் கையைப் பிடித்திருந்தார். சொரசொரத்த கை, விடவில்லை.

"பேசுறேண்ணே" என்றேன்.

சாப்பிடக் கூப்பிட்டேன், வேண்டாம் என்றார். உசிலம்பட்டி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம்.

நாளைய பேச்சு:
– எல்லைச் சண்டை, பத்தாம் நாள்.
– பயப்பட ஒன்றுமில்லை.